முழுத்துணியைக் கிழிச்சு ஒட்டுப்போடுற வாத்திச்சிக்கு

ஏ தாயி, நேத்து ராத்திரி போன்ல சொன்னியே, ஆபீஸ் வேலையை விட்டாச்சு, இனி முழுநேரமும் ஊர் ஊராப் போயி குவில்ட் தைக்கச் சொல்லிக் குடுக்கப் போறேன்னு. போனை வச்சதும் நேரா உங்க அப்பத்தா போட்டாவுக்கு முன்னாடி போயி நின்னேன். "கேட்டியாடி, உம் பேத்தி என் தொழிலுக்கே வந்துட்டா"ன்னேன். அவ உசுரோட இருந்தப்ப, இந்தப் பஞ்சுமூட்டைப் பொழப்பு என்னோட ஒழியணும், என் வம்சத்துல ஒருத்தரும் ஊசியைத் தொடக்கூடாதுன்னு போடி பரமசிவன் கோயில்ல நேந்துக்கிட்டவ. சாமிக்கு அன்னைக்கு வேற சோலி இருந்திருக்கும் போல.

ஆசீர்வாதத்தைப் போன்லயே குடுத்துட்டேன். இது புத்திமதி. ஆசீர்வாதம் பண்ணினா கேட்டுக்கிருவீக, புத்தி சொல்ல ஆரம்பிச்சா "தாத்தா, சிக்னல் கெடைக்கல"ம்பீக. அதனாலதான் பக்கத்து வீட்டுப் பயலை உக்கார வச்சு எழுதச் சொல்றேன். பய காலேஜுல படிக்கிறான். எழுத்துப்பிழை இருந்தா அந்தக் காலேஜைக் கேளு.

கேலியை முதல்லயே முடிச்சுக்கிறேன், நெஞ்சுல நின்னா செரிக்காது. கஜம் 12 டாலர், 13 டாலர்னு குடுத்து நல்ல முழுத்துணியா வாங்குறீக. நம்ம காசுக்கு ஆயிரத்தைத் தாண்டுது. வாங்குன துணியைச் சல்லிசல்லியா நறுக்குறீக. நறுக்குனதை எல்லாம் திரும்ப ஒண்ணாச் சேத்துத் தைக்கிறீக. அதைக் கத்துக்கிறதுக்கு இருவது பொம்பளைக காசு கட்டிக்கிட்டு ஆறு மணி நேரம் உக்காந்திருக்காக. இதைப் போடி பஸ் ஸ்டாண்டுல நின்னு சொன்னா, உன்னையக் கூட்டிட்டுப் போயி மந்திரிச்சுக் கயிறு கட்டிவிட்டுருவாக. நம்ம வீட்டுல ஒட்டுப்போட்டுக் கட்டுனா அதுக்குப் பேரு தரித்திரம். நீ ஒட்டுப்போட்டா அதைச் செவுத்துல மாட்டி, கீழ வெளக்குப் போட்டு, கிட்ட வந்து தொடாதேன்னு போர்டு வைக்கிறாக.

சரி, கேலி முடிஞ்சது. முடிஞ்சதுன்னு நம்பாத.

நான் ஒண்ணும் திண்ணையில உக்காந்து பேசுறவன் இல்ல. 2025-ல ஆறு மாசம் அமெரிக்காவுக்கு வந்து உன் பெட்டியைத் தூக்குனவன். அதுக்கு முன்னால நாப்பது வருசம் சைக்கிள் கேரியர்ல இலவம்பஞ்சு மூட்டையைக் கட்டிக்கிட்டு தேவாரம், கம்பம், உத்தமபாளையம், பெரியகுளம்னு வீடு வீடாப் போயி மெத்தை தச்சவன். என் மூட்டை பாக்கத்தான் பெருசு, கனமே இருக்காது. ஆடி மாசம் கம்பத்துக் காத்து அடிச்சா மூட்டை என்னையவும் சைக்கிளையும் சேத்துத் தள்ளிக்கிட்டுப் போகும். உம் மூட்டை அப்படி இல்லையே.

ரெண்டு தொழிலுக்கும் அடித்தையல் ஒண்ணுதான் தாயி. மேல துணி, நடுவுல பஞ்சு, கீழ துணி. மூணையும் சேத்துக் குத்திப் புடிக்கலேன்னா பஞ்சு ஒரு மூலையில போயி உக்காந்துக்கிரும். நடுவுல இருக்குற பஞ்சுக்கு நீ பேட்டிங்குங்குற. அந்தப் பாக்கெட்டுலயே போட்டிருக்கான், தையலுக்கும் தையலுக்கும் எட்டு அங்குலத்துக்கு மேல விடாத, பத்து அங்குலத்துக்கு மேல விடாதன்னு. எங்கப்பன் பாக்கெட் இல்லாமயே சொல்லிட்டுப் போனாரு: சாணுக்கு ஒரு குத்து. அந்த ஊர்லயும் வரிவரியாத் தைக்க நேரமில்லாத பொம்பளைக, அங்கங்க நூலைக் குத்தி வாங்கி முடிச்சுப் போட்டே குவில்ட்டை முடிச்சிருக்காக. நீ அப்படி ஒரு பழசை விரிச்சுக் காட்டுனப்ப, எனக்கு உத்தமபாளையத்துல தச்ச மெத்தை ஞாபகம் வந்துருச்சு. இடுப்புல சொருகியிருந்த கோணி ஊசியை எடுத்து அந்த முடிச்சை எப்படிப் போடுறதுன்னு காட்டுனேன். சர்ச்சுக்குக் கீழ இருக்குற ஹாலு அது. அம்புட்டுப் பொம்பளைகளும் வரிசையில வந்து ஊசியைத் தொட்டுப் பாத்தாக. ஒரு அம்மா கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடியும் பாத்தாக. அன்னைக்கு என் கையிலேருந்து நீ வாங்குன ஊசி. அதைப் பத்திக் கடைசியில வர்றேன்.

இப்பக் கூலிக் கணக்கு. காதை இங்க குடு.

கென்டக்கியில படூகாவுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கா? கொலம்பஸ்ல வீட்டைப் பூட்டுறப்ப காலையில 6 மணி. சின்சினாட்டி, லூயிவில் தாண்டி 400 மைலுக்கு மேல. அன்னைக்கு ராத்திரி குவில்ட்காரவுக சங்கத்துல, கில்டும்பாகளே, அந்தக் கூட்டத்துல நீ பேசுன. மறுநாள் 10 மணியிலேருந்து 4 மணி வரைக்கும் வகுப்பு. அதுக்கு மறுநாள் அங்க இருக்குற குவில்ட் மியூசியத்தைச் சுத்திட்டு, திரும்பி வந்து வீட்டைத் திறக்குறப்ப ராத்திரி 9 மணி. பூட்டுனதுலேருந்து திறக்குற வரைக்கும் 63 மணி நேரம். நாயன்மாரு கணக்கு. அதுல நீ கூலி கேட்டு வாங்குனது ஆறு மணி நேர வகுப்புக்கும் ஒரு மணி நேரப் பேச்சுக்கும். மிச்சம் 56 மணி நேரம் யாருக்கு நேந்துவிட்டது? அதுக்கு முன்னால மாதிரிக்குன்னு மூணு குவில்ட்டு தச்ச பாரு, ராத்திரி ராத்திரியா உக்காந்து, அதை நான் இந்தக் கணக்குல சேக்கவே இல்ல.

மைலேஜ் தர்றாகன்னு நீ சொன்னப்ப நானும் மயங்குனேன். அந்த ஊரு வருமான வரிக்காரவுக 2025-க்கு மைலுக்கு 70 சென்ட்டுன்னு ஒரு கணக்கு வச்சிருந்தாக, கில்டுக்காரவுகளும் அதையே குடுத்தாக. 800 மைலுக்கு 560 டாலர். ஆத்தாடி, ஒரு மூட்டை ஏலக்காய் வித்த காசுன்னு துள்ளுனேன். அப்பறம் நீதான் சொன்ன, பெட்ரோல், ஆயில், டயரு, இன்சூரன்ஸ், வண்டி தேயுறது எல்லாம் அதுக்குள்ள அடக்கம்னு. அப்ப அது வண்டிமாட்டுக்கு வைக்கோலு தாயி, வண்டிக்காரன் சோறு இல்ல. ரெண்டையும் ஒரே பையில போட்டு வைக்காத. உங்கப்பன் லாரி வாங்கி நொடிச்சுப் போனது அந்த ஒரே பையினாலதான். அவன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லாத.

இனிமே யாராச்சும் கூப்பிட்டா, "என்ன வாங்குறீங்க"ன்னு கேட்டவுடனே வகுப்புக்கு இம்புட்டுன்னு சொல்லாத. பூட்டுலேருந்து பூட்டு வரைக்கும் எண்ணு. எண்ணிட்டுச் சொல்லு. வாய் கூசும். எனக்கும் கூசுச்சு. பெரியகுளத்துல ஒரு மிராசு வீட்டுல, "பஞ்சு எங்களோடது, துணி எங்களோடது, உனக்கு என்னப்பா செலவு"ன்னாக. "அம்மா, சைக்கிள் எனக்குத் தானா நடந்து வரல"ன்னேன். எட்டணா கூடக் குடுத்தாக. கூடவே மூணு வருசம் கூப்பிடல. அதுவும் வரும்.

நீதான் கார்ல போறப்ப ஒரு கதை சொன்ன. ஹாரியட் பவர்ஸ்னு ஒரு அம்மா, ஜார்ஜியாவுல அடிமையாப் பொறந்தவுக, 1837-ல. பைபிள் கதையெல்லாம் துணியில வெட்டி ஒட்டி ஒரு குவில்ட் தச்சாக. 1886-ல ஒரு பருத்திக் கண்காட்சியில அதை வச்சப்ப ஒரு ஓவிய வாத்திச்சி வெலைக்குக் கேட்டாக, இவுக குடுக்கல. நாலஞ்சு வருசம் போயி, குடும்பம் நொடிச்சப்ப, இவுகளே கொண்டு போயி 10 டாலர் கேட்டாக. அந்தம்மா கையில 5 டாலர்தான் இருந்துச்சு. குடுத்துட்டாக. அதுக்கப்பறம் பெத்த பிள்ளையைக் கட்டிக் குடுத்த வீட்டுக்குப் போற மாதிரி அப்பப்பப் போயி அந்தக் குவில்ட்டைப் பாத்துட்டு வருவாகளாம். இன்னைக்கு அது வாஷிங்டன்ல ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்கு. நீ கதையைச் சொல்லி முடிச்சுட்டு "எவ்வளவு அழகான கலை"ன்ன. எனக்கு அந்த வராத அஞ்சு டாலருதான் ரோடு பூரா ஓடிக்கிட்டு இருந்துச்சு.

சரி, பெட்டிக்கு வா. ஃப்ளைட்டுல போறப்ப ரெண்டு பெட்டி, ஒவ்வொண்ணும் 50 பவுண்டுக்குள்ள இருக்கணும். நம்ம கணக்குல 23 கிலோவுக்கு ஒரு இழை கொறையும். ட்ரங்க் ஷோன்னு சொல்லி, கூட்டத்துல விரிச்சுக் காட்ட இருவது இருவத்தஞ்சு குவில்ட்டை அதுக்குள்ள திணிக்கிற. தூக்குத் தராசுல மாட்டுவ, முள்ளு தாண்டும், உன் சட்டையை வெளிய எடுப்ப. மறுபடி தாண்டும், செருப்பை எடுப்ப. கடைசியில மூணு நாளைக்கு ஒரே சட்டையோட ஊரெல்லாம் போயி நிறத்தைப் பத்தியும் அழகைப் பத்தியும் பேசுவ. அதுல தப்பு இல்ல, பாக்குறவுக குவில்ட்டைத்தான் பாப்பாக. ஆனா ஒண்ணு. திரும்பத் தைக்க முடியாததைக் கீழ போடுற பெட்டியில போடாத. உங்க அப்பத்தா சீலையில தச்ச அந்த ஒண்ணு எப்பவும் உன் தோள்ல இருக்கணும். பெட்டி தொலைஞ்சா ஃப்ளைட்டுக்காரன் ஒரு ஃபாரத்தைக் குடுப்பான். அந்தச் சீலையை எந்தக் கடையில போயி வாங்குவ? அப்பறம், ஒரே மடிப்புல மடிக்காத. போன தடவை நீளத்துல மடிச்சியா, இந்தத் தடவை குறுக்க மடி. மடிச்ச எடத்துலயே மடிச்சா நூலு அந்தக் கோட்டுல முறியும். இது மியூசியத்துல ஒரு அம்மா சொன்னது. நான் சொன்னா நீ எங்க கேக்கப் போற.

அந்த மியூசியம் இருக்குற படூகாவை நான் மறக்க மாட்டேன். மொத்தமே 27 ஆயிரம் பேரு. நம்ம போடியில பாதி கூட இல்ல. ஒஹையோ ஆறும் டென்னசி ஆறும் அங்க கூடுது. 1991-லேருந்து குவில்ட்டுக்குன்னே ஒரு மியூசியம், 2013-ல யுனெஸ்கோவே கைவினை ஊருன்னு பேரு குடுத்துருச்சு. ஏப்ரல்ல அங்க குவில்ட் திருவிழா வந்தா ஓட்டல்ல எடம் கெடைக்காது. நம்ம வீரபாண்டித் திருவிழா மாதிரின்னு வச்சுக்க, தீச்சட்டிக்குப் பதிலா தையல் மிஷின். கூட்டம் பூரா வயசான பொம்பளைக. பின்னாலயே பையைத் தூக்கிக்கிட்டு அவுக வீட்டுக்காரவுக. அங்கங்க நாக்காலி போட்டிருக்கு, அதுல வரிசையா உக்காந்து தூங்குறாக. நானும் போயி அந்த வரிசையில உக்காந்தேன். பக்கத்துல இருந்தவரு கண்ணைத் திறந்து பாத்தாரு, தலையை ஆட்டுனாரு, திரும்பக் கண்ணை மூடிக்கிட்டாரு. பாஷை எதுக்கு?

வகுப்புல உனக்கு மூணு பேரால தொல்லை வரும்.

பட்டியலைப் படிக்காதவுக முதல்ல. நீ ரெண்டு மாசம் முந்தியே எழுதி அனுப்பியிருப்ப, இன்ன துணி, இன்ன அளவு, மிஷினுக்குக் கால் மறந்துறாதீகன்னு. வந்து உக்காந்தப்பறம் ஒருத்தி கேப்பா, "ஊசி நாங்க கொண்டு வரணுமா?" பெரிய மிஷினா இருக்கும், வெலையைக் கேட்டா எனக்கு மயக்கம் வரும், அதுக்கு நூல் கோக்கத் தெரியாது. அடுத்த மேசையில ஒரு கெழவி சின்னக் கறுப்பு மிஷினை ஒத்தைக் கையில தூக்கிட்டு வந்து வைப்பாக. சிங்கர் ஃபெதர்வெயிட். 1933-ல வந்த மாடலு, 11 பவுண்டுதான். அதுபாட்டுக்கு டிக்கு டிக்குன்னு ஓடும். உபரியா ஊசியும் நூலும் மிஷின் காலும் பெட்டியில வச்சுக்க. அதுக்குத் தனிக் காசு வாங்கு. சும்மா குடுக்காத. சும்மா குடுத்ததை யாரும் திருப்பித் தர மாட்டாக. அனுபவத்துல சொல்றேன், எனக்கு ஒரு கோணி ஊசி இன்னும் வரல.

அடுத்தது, கால் அங்குலத்தைக் கண்ணால அளக்குறவுக. ஓரத்துலேருந்து கால் அங்குலம் தள்ளித் தைக்கணும்னு நீ தொண்டை கட்டச் சொல்லுவ. "ஒரு வீசம் கூடக்கொறைய இருந்தா என்ன?"ம்பாக. வீசம்னா அங்குலத்துல பதினாறுல ஒண்ணு. நான் உனக்குச் சொல்லிக் குடுத்த கணக்கை அவுகளுக்குச் சொல்லு. ஒரு வரிசையில 12 துண்டு, 11 தையல். ஒவ்வொரு தையல்லயும் அந்தப் பக்கம் ஒரு வீசம், இந்தப் பக்கம் ஒரு வீசம், ஆக அரைக்கால் அங்குலம் போச்சு. 11 அரைக்கால், அதாவது ஒண்ணே காலு அங்குலமும் அரைக்காலும். மேல் வரிசை 12 துண்டும் ஒரு அளவு, கீழ் வரிசை இன்னொரு அளவு. அப்பறம் ரெண்டையும் சேக்க இழுத்து இழுத்துத் தச்சு, குவில்ட்டு நடுவுல பலாப்பழம் மாதிரி பொடைச்சுக்கிட்டு நிக்கும். வீசத்துல விட்டவன் வீட்டை விட்டான்னு எங்க முதலாளி சொல்லுவாரு. அவரும் வீட்டை விட்டவருதான்.

மூணாவது ஆளுதான் பெரிய ஆளு. கடைசி வரிசையில கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாக. நாப்பது வருசமாத் தைக்கிறவுக. நீ பொறக்குறதுக்கு முன்னாடி பரிசு வாங்குனவுக. துணி நறுக்க நீ வச்சிருக்குற உருட்டுற கத்தி வந்ததே 1979-லதான், ஜப்பான்காரன் கண்டுபுடிச்சான்; அதுக்கு முன்னால அட்டையில அளவு வெட்டி, பென்சில்ல கோடு போட்டு, கத்திரியால வெட்டித் தச்சவுக அவுக. உன்னையப் பாத்து ஒரு சிரிப்பு வரும் பாரு, புதுமருமக வச்ச கொழம்பை மாமியா நக்கிப் பாக்குற சிரிப்பு. அவுககிட்ட மல்லுக்கட்டாத. பைய நடந்து போயி, "நீங்க இந்த மூலையை எப்படிம்மா திருப்புவீங்க?"ன்னு கேளு. சொல்லுவாக. "அடடா, எல்லாரும் இங்க வாங்க"ன்னு கூப்பிடு. அந்த நிமிசத்துலேருந்து சாயங்காலம் வரைக்கும் அவுக உனக்குச் சம்பளமில்லாத உதவி வாத்திச்சி. நாலு மேசையை அவுகளே பாத்துக்கிருவாக. இந்த வித்தையை நான் தேவாரத்துல ஒரு நாட்டாமை வீட்டு அம்மாகிட்டச் செஞ்சேன். மெத்தை பூராத்தையும் அவுகளே தச்சு முடிச்சாக. கூலி எனக்கு.

அங்க "குவில்ட் போலீஸ்"னு ஒண்ணு சொல்றாக. தையல் கோணுனா புடிக்க வருமாம். யாரும் பாத்ததில்ல, எல்லாரும் பயப்படுறாக, நம்ம புளியமரத்து முனி மாதிரி. பாதியில நின்ன தையலுக்கு யூ.எஃப்.ஓ.ன்னு பேரு. பறக்கும் தட்டு. ஒவ்வொரு வீட்டுலயும் பத்துப் பன்னெண்டு தட்டு அலமாரியில பறக்காம கெடக்கு. அதுல ஒண்ணை வகுப்புக்குத் தூக்கிட்டு வந்து, இதை முடிச்சுக் குடுன்னு உன்கிட்ட நீட்டுவாக. முடிச்சுக் குடுத்துறாத தாயி. முடிச்சா அவுக எதுக்கு அடுத்த வகுப்புக்கு வர்றாக?

நையாண்டி வராத எடம் ஒண்ணு இருக்கு. அதையும் சொல்லிடுறேன்.

ஒஹையோவுல ஒரு சின்ன ஊருல வகுப்பு. ஓரத்து மேசையில ஒரு அம்மா, எழுவது வயசிருக்கும். அட்டைப்பெட்டி நெறைய ஆம்பளைச் சட்டை கொண்டு வந்திருந்தாக. கட்டம் போட்டது, கோடு போட்டது, காலர் தேஞ்சது. கத்திரியை எடுக்குறாக, வைக்கிறாக. நீ போயி "நான் வெட்டித் தரட்டுமா"ன்னு கேக்கப் போன. நான் உன் கையைப் புடிச்சு நிறுத்துனேன். மத்தியானம் வரைக்கும் அவுக ஒரு சட்டையையும் வெட்டல. பொத்தானை மட்டும் ஒண்ணொண்ணா அறுத்து டப்பாவுல போட்டாக. மூணு மணிக்கு ஒரு சட்டைப்பையோட தையலைப் பிரிச்சாக. உள்ள பெட்ரோல் பங்க் ரசீது ஒண்ணு, மடிச்சு மடிச்சு நைஞ்சு போயி. படிச்சுப் பாத்தாக. திரும்பப் பைக்குள்ளயே வச்சாக. அப்பத்தான் நீ பக்கத்துல போயி, அந்தப் பையைப் பிரிக்க வேணாம், ரசீதோட அப்படியே குவில்ட்டுல வச்சுத் தச்சுருவோம்ன. பட்டியல்ல இல்லாத பாடம் அது. அந்த ஒரு நாளைக்கு நான் பூட்டுக்கணக்கு பாக்கல.

திரும்பி வர்றப்ப நீ இன்னொண்ணு சொன்ன. எய்ட்ஸ்ல செத்தவுகளுக்காக 1987 அக்டோபர்ல வாஷிங்டன் புல்வெளியில ஒரு குவில்ட்டை விரிச்சாகளாம், 1,920 துண்டு. ஒவ்வொரு துண்டும் 3 அடிக்கு 6 அடி, ஒரு ஆளைப் பொதைக்கிற குழி அளவு. நான் அதுக்கப்பறம் வீடு வர்ற வரைக்கும் பேசல. தாத்தாவுக்குத் தூக்கம்னு நீ நெனைச்சுக்கிட்ட.

சாப்பாடும் படுக்கையும் மிச்சம். கில்டுக்காரவுக நல்லவுக, அதுதான் சிக்கல். ஆளுக்கொரு சட்டி கொண்டு வந்து வைப்பாக. நூடுல்ஸு, உருளைக்கிழங்கு, சீஸு எல்லாத்தையும் ஒரே சட்டியில போட்டு வேக வச்சது. பேரு கேஸரோல். கேசரின்னு நெனைச்சு நான் ஏமாந்தேன். எல்லாச் சட்டியிலயும் ஒரு கரண்டி எடு. ஒருத்தவுகளோடதை மட்டும் விட்டேன்னு வை, அடுத்த வருசம் உன்னையக் கூப்பிடுற கமிட்டியில அவுகதான் இருப்பாக. ஊறுகாய் பாட்டில் கைப்பையில இருக்கட்டும், ஆனா மேசையில எடுத்து வைக்காத. காருக்குள்ள வச்சுக்க.

"எங்க வீட்டுலயே தங்கிக்கம்மா"ன்னு ஆசையாக் கூப்பிடுவாக. ஒருக்காப் போனோமே. கட்டில்ல பூனை. பூனைக்குக் கீழ குவில்ட்டு. அதுக்குக் கீழ இன்னொரு குவில்ட்டு. ராத்திரி பதினொன்னரைக்கு அந்த அம்மா தன் பாட்டி தச்சதுன்னு சொல்லி இன்னொண்ணை விரிச்சாக. நல்லாத்தான் இருந்துச்சு, பாதி நூல் பிரிஞ்சு, உள்ள பருத்தி தெரிஞ்சுக்கிட்டு. நீ கொட்டாவியை முழுங்கி முழுங்கி, கண்ணுல தண்ணி வந்துருச்சு. கலையைப் பாத்து அழுகுறன்னு அவுகளுக்கு ஒரே சந்தோசம். காலையில ஆறு மணிக்குத் திரும்பவும் எழுப்பி, விட்டுப்போன ரெண்டைக் காட்டுனாக. இனிமே ஒப்பந்தத்துலயே எழுதிரு: மோட்டல் ரூம், கதவு சாத்துறது. தும்மல் வருது, பூனை சேராதுன்னு சொல்லு. பொய்யின்னு நெனைக்காத. எனக்கு இன்னும் தும்மல் நிக்கல.

தேதி விசயத்துல ஏமாந்துறாத. ரெண்டு வருசம் முந்தியே குறிச்சு வைக்கிறாக, பொண்ணு பொறந்தவுடனே மாமன் மகனுக்குன்னு சொல்லி வச்ச மாதிரி. நீயும் சரி சரின்னு தலையாட்டுற. தைப்பொங்கல், மாப்பிள்ளை பொறந்தநாளு, பிள்ளை பள்ளிக்கூடத்து விழா, இதையெல்லாம் முதல்ல காலண்டர்ல செவப்புல போட்டு அடைச்சுரு. அப்பறம் மிச்ச நாளை விரிச்சு வை. நான் அடைக்காம விட்டவன். உங்கப்பன் பொறந்த அன்னைக்கு நான் கம்பத்துல ஒரு கல்யாண வீட்டுக்கு ஏழு மெத்தை தச்சுக்கிட்டு இருந்தேன். சேதி வர ரெண்டு நாளாச்சு. உங்க அப்பத்தா அதைச் சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுனா. சாகுறதுக்கு முந்தின நாளும் சொன்னா. மாப்பிள்ளைகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வை, படூகாவுல நாக்காலி நெறைய இருக்குன்னு.

இப்ப ஊசிக்கு வர்றேன். ஹூஸ்டனுக்குப் போறப்ப ஏர்போர்ட்டுல என்ன நடந்துச்சு? உன் கைப்பையில இருந்த தையல் ஊசி அம்புட்டையும் விட்டுட்டான், உருட்டுற கத்தியை மட்டும் புடுங்கிக்கிட்டான். சட்டம் அதுதானாம். கத்தியைக் கீழ போடுற பெட்டியிலதான் வைக்கணும்னு உனக்குத் தெரியும், ஊருக்கெல்லாம் பாடம் எடுக்குறவ, உனக்கே மறந்துபோச்சு. நாப்பது வருசமா என் இடுப்புல இருந்த கோணி ஊசி, எங்கப்பன் கையிலேருந்து வந்தது, ஒரு சாணுக்கு மேல நீளம். நீ அதை ஊர் ஊராக் கொண்டு போயி, "இது எங்க தாத்தா ஊசி"ன்னு காட்டுறதா மாப்பிள்ளை சொன்னாரு. அதுக்கு ஒரு கைதட்டலும் விழுதாம். விழட்டும். தை மாசம் நீ ஊருக்கு வர்றப்ப அதைக் கொண்டு வந்து என் கையில குடுத்துரு. பக்கத்து வீட்டுப் பய கல்யாணத்துக்கு ஒரு மெத்தை தைக்கணும்னு அவன் ஆத்தா கேட்டிருக்காக, பஞ்சு வாங்கியாச்சு. கைப்பையில வைக்காத, பெரிய பெட்டியில கார்க்குல குத்தி வை.